வேலிக்கு அப்பால் பதினான்கு மாடி: கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா?

வாசகர் கடிதம்

ஐயா, வடமேற்கு லண்டனில் 1930களில் கட்டிய இரட்டை வீடொன்றில் 22 ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். தோட்டத்து வேலிக்கு அப்பால் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் கார் தரிப்பிடம். அந்தக் கடையை இடித்துவிட்டு, 480 வீடுகள் கொண்ட ஆறு தொடர்மாடிகளும் அவற்றின் கீழே புதிய கடையும் கட்டப் போகிறார்களாம். வீதிப் பக்கம் பதினான்கு மாடி, எங்கள் வேலிப் பக்கம் ஆறு மாடி.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் எதிர்ப்புக் குழுவின் செயலாளர். அச்சடித்த ஆட்சேபக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டு வந்தார். என் மகனுக்கு 29 வயது. ஆசிரியராக வேலை பார்த்தும் இந்தப் பகுதியில் வீடு வாங்க முடியாமல் எங்களுடனேயே இருக்கிறான். 'இதையும் எதிர்த்தால் நான் எங்கே போவது, அம்மா?' என்கிறான். என் மாமிக்கு 81 வயது. கைத்தாங்கியோடு நடந்துபோய்ச் சாமான் வாங்க முடிகிற ஒரே கடை அது. எதிரே மளிகைக் கடை நடத்தும் என் சித்தப்பா மகனோ, தரிப்பிடம் போனால் தன் வியாபாரமும் போய்விடும் என்று பயப்படுகிறார்.

கையெழுத்துப் போடாததால் பெரியவர் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சென்ற மாதம் நூலகத்தில் நடந்த கண்காட்சியில் 'எங்கள் வீட்டு வெளிச்சம் போய்விடும்' என்று ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அது போதுமா? என் ஆங்கிலம் சுமார்தான். வீட்டை இப்போதே விற்றுவிடுவது நல்லது என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

நகரத் திட்டமிடல் ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

அச்சடித்த கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அதற்காகத் திட்டத்தை ஆதரித்து எழுத வேண்டும் என்றும் இல்லை. உங்கள் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். உங்கள் வீட்டில் நான்கு பேருக்கு நான்கு கவலை இருக்கிறது, நான்கும் நியாயமானவை. அந்த நான்கையும் ஒரே கடிதத்தில் எழுத முடியும். அப்படி ஒரு கடிதம் வந்தால் கவுன்சிலின் திட்டமிடல் அதிகாரி அதை இரண்டாவது முறையும் படிப்பார்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த அட்டை கவுன்சிலுக்கு உங்கள் ஆட்சேபமாகப் போய்ச் சேராது. அந்தக் கண்காட்சியை நடத்தியது கட்டுமான நிறுவனம் அமர்த்திய ஆட்கள். விண்ணப்பத்தோடு அவர்கள் கொடுக்கும் ஓர் அறிக்கையில் 'சிலர் வெளிச்சம் குறித்துக் கவலை தெரிவித்தனர்' என்று ஒரு வரியாக உங்கள் அட்டை சுருங்கிவிடும். கண்காட்சியில் எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்து இருந்துவிட்ட அயலவர்கள் உங்கள் வீதியில் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களிடமும் சொல்லுங்கள்.

முறையான விண்ணப்பம் கவுன்சிலில் பதிவான பிறகுதான் உங்கள் சொல்லுக்குச் சட்டப்படி இடம் உண்டு. விண்ணப்ப எண்ணோடு கடிதம் வரும், அல்லது விளக்குக் கம்பத்தில் அறிவித்தல் கட்டுவார்கள். கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் கொடுக்க வேண்டும். அது கடந்துபோனாலும் மனம் தளர வேண்டாம். முடிவு எடுக்கும் வரை வரும் கடிதங்களைக் கவுன்சில்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நீங்கள் எழுதுவது உங்கள் பெயர், முகவரியோடு எவரும் பார்க்கும்படி கவுன்சிலின் இணையத்தளத்தில் வரக்கூடும்.

இனி, முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பது. இது வாக்கெடுப்பு இல்லை. 2004ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 38(6) பிரிவின்படி, எங்கே என்ன கட்டலாம் என்று வகுக்கும் கவுன்சிலின் உள்ளூர்த் திட்டமும் லண்டன் மேயர் 2021இல் வெளியிட்ட லண்டன் திட்டமும் என்ன சொல்கின்றனவோ அதன்படிதான் தீர்மானிக்க வேண்டும். அதிலிருந்து விலக வேண்டுமானால் தகுந்த காரணம் வேண்டும். ஒரே வாசகத்தோடு முந்நூறு கடிதம் வந்தாலும் அதிகாரியின் அறிக்கையில் அவை ஒரே பத்தியாகத்தான் இடம்பெறும். நான் கவுன்சிலில் வேலை பார்த்த காலத்தில் இத்தகைய கட்டுகள் வரும்போது எங்களுக்கு மிகவும் உதவியது, கட்டுக்கு வெளியே தனியாக வந்த இரண்டொரு கடிதங்கள்தான். 'என் சமையலறை ஜன்னல் இந்தப் பக்கம் இருக்கிறது, நாங்கள் சாப்பிடுவதும் அங்கேதான்' என்று எழுதுகிறவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எவை கணக்கில் எடுக்கப்படாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு விலை குறையும் என்பது எடுபடாது. ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி மறைந்துபோகும் என்பதும், நிறுவனம் கொள்ளை இலாபம் பார்க்கிறது என்பதும் அப்படியே. உங்கள் பெரியவரின் கடிதத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட கடிதங்களில் பெரும்பாலும் இந்த மூன்றும்தான் முதல் மூன்று வரிகளாக இருக்கும்.

ஏதோ ஒரு வடிவில் அங்கே கட்டிடம் வரும் என்றே நான் நினைக்கிறேன். 1980களிலும் 90களிலும் கட்டிய சூப்பர் மார்க்கெட்டுகள் ஒற்றை மாடிக் கொட்டகைகள்; சுற்றிலும் ஏக்கர் கணக்கில் தார் போட்ட தரிப்பிடம்; பெரும்பாலும் ஒரே உரிமையாளர்; பல இடங்களில் ரயில் நிலையம் நடை தூரத்தில். வீடு கட்ட நிலம் தேடுகிறவர்களுக்கு லண்டனில் இதைவிட எளிதான மனை கிடையாது. 2024 டிசம்பரில் திருத்தப்பட்ட தேசியத் திட்டமிடல் கொள்கை, கவுன்சில்களுக்கு வீட்டு எண்ணிக்கை இலக்கைக் கட்டாயமாக்கிவிட்டது. ஏற்கனவே கட்டிடம் இருந்த நிலத்தில் வீடு கட்டுவதற்கு அது பெரும் முன்னுரிமை கொடுக்கிறது. ஐந்து ஆண்டுக்குப் போதுமான வீட்டு நிலத்தைக் காட்ட முடியாத கவுன்சில் என்றால், மறுப்பதற்கு மிகப் பலமான காரணம் வேண்டும். கவுன்சில் மறுத்தாலும் நிறுவனம் ஆறு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். கவுன்சில் அனுமதித்தால் உங்களுக்கு மேன்முறையீடு கிடையாது. ஆறு வாரத்துக்குள் நீதிமன்றம் போகலாம். அங்கே ஆராய்வது சட்டப் பிழை இருக்கிறதா என்பதை மட்டும்தான், செலவும் தாங்காது. ஆகவே 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற சண்டையில் உங்கள் பலத்தைச் செலவழிக்காமல், 'வருவதானால் எந்த நிபந்தனையோடு' என்பதில் செலவழியுங்கள். உங்கள் வீட்டு நான்கு கவலைகளுக்கும் அங்கேதான் வழி இருக்கிறது.

வெளிச்சம். கட்டிட ஆய்வு நிறுவனமான பிஆர்இயின் வழிகாட்டியைத்தான் எல்லோரும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். 2022இல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. அதன் முதல் சோதனையை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். கீழ்த்தள ஜன்னலின் நடுவிலிருந்து எதிர்க் கட்டிடத்தின் உச்சிக்கு ஒரு கோடு போட்டால், அது கிடைமட்டத்திலிருந்து 25 பாகைக்கு மேல் எழும்புகிறதா? உங்கள் ஜன்னலுக்கும் புதிய சுவருக்கும் இடையே 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 11.5 மீட்டர் உயரம்தான் அந்தக் கோட்டுக்குள் அடங்கும். நான்கு மாடி வரை சமாளிக்கலாம்; ஆறு மாடி தாண்டிவிடும். தாண்டினால் அடுத்த சோதனை: ஜன்னலுக்குத் தெரியும் வானத்தின் அளவு 27 சதவீதத்துக்குக் கீழேயும், முன்பு இருந்ததில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழேயும் போனால், வீட்டில் இருப்பவர்கள் இருட்டை உணர்வார்கள் என்கிறது வழிகாட்டி. தோட்டத்துக்கும் ஓர் அளவு உண்டு. மார்ச் 21ஆம் தேதி தோட்டத்தின் பாதிப் பரப்பிலாவது இரண்டு மணி நேரம் வெயில் விழ வேண்டும். உங்கள் தோட்டத்துக்குத் தெற்கே அந்த நிலம் இருந்தால் இது மிகவும் முக்கியம். வடக்கே இருந்தால் தோட்டத்து வெயிலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

இந்தக் கணக்கையெல்லாம் நிறுவனமே செய்து, வெளிச்ச அறிக்கை என்ற பெயரில் விண்ணப்பத்தோடு இணைத்திருக்கும். முன்பக்கச் சுருக்கத்தைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள். பின்னிணைப்பு அட்டவணைகளுக்குப் போய் உங்கள் வீட்டு இலக்கத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று இருக்கும். அங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அளவையாளர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் வருவதில்லை. பழைய வரைபடத்தை வைத்தோ வெளியிலிருந்து ஊகித்தோ அறைகளைக் குறித்துவிடுகிறார்கள். நம்மவர் வீடுகளில் பின்புறம் நீட்டிக் கட்டி, சமையலும் சாப்பாடும் பிள்ளைகளின் படிப்பும் ஒரே அறையில் நடக்கும். அட்டவணையில் அது 'சிறிய சமையலறை' என்று குறிக்கப்பட்டு, வெளிச்சம் அவ்வளவு தேவைப்படாத அறையாகத் தள்ளப்பட்டிருக்கலாம். அப்படி இருந்தால் அறையின் நீள அகலத்தோடு இரண்டு புகைப்படம் இணைத்து, 'இது தவறு, திருத்திக் கணக்கிடுங்கள்' என்று கேளுங்கள். வேலிப் பக்கக் கட்டிடத்தின் மேல் இரண்டு மாடிகளைக் குறைக்கவோ உள்ளே தள்ளிக் கட்டவோ கேளுங்கள். நிறுவனங்கள் இதற்கு இணங்குவது அபூர்வம் இல்லை. குறைத்த மாடிகளை வீதிப் பக்கம் சேர்க்கப் பார்ப்பார்கள் என்பதையும் எதிர்பாருங்கள்.

இதற்கும் அப்பால் உங்களுக்குத் தனிப்பட்ட உரிமை ஒன்று இருக்கலாம். 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு ஜன்னல் வழியாக 20 ஆண்டு தடையின்றி வெளிச்சம் பெற்றுவந்த வீட்டுக்கு அந்த வெளிச்சம் உரிமையாகிறது. திட்டமிடல் அனுமதி கிடைத்தாலும் இந்த உரிமை தானாகப் போய்விடாது. நிறுவனத்தின் ஆள் ஒருவர் ஒரு நாள் ஒரு சிறு தொகையும் ஒரு பத்திரமும் கொண்டு கதவைத் தட்டினால், அது பெரும்பாலும் இதற்காகத்தான். வெளிச்ச உரிமை தெரிந்த, உங்களுக்காக வேலை செய்யும் அளவையாளர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம். அவருடைய கட்டணத்தை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று கேட்பதும் வழக்கம்தான். கவுன்சில் தலையிட்டால் இந்த உரிமையைப் பணமாக மாற்றிக் கொடுத்துவிட 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்போதும் நட்ட ஈடு உங்களுக்கு உரியது.

அடுத்து, மாமியின் கடை. என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வெளிச்சத்தைப் பற்றி எழுத அந்த வீதியில் பலர் இருப்பார்கள். நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு முழுக் கடை இருப்பது 81 வயதுப் பெண்மணி ஒருவருக்கு என்ன என்பதை எழுத ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

வரைபடத்தில் 'கீழே கடை' என்று இருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். மூன்று கேள்வி கேட்க வேண்டும். கட்டி முடியும் வரை, அதாவது பல ஆண்டுகள், மக்கள் எங்கே வாங்குவார்கள்? திரும்பி வரும் கடை எவ்வளவு பெரியது? அது கடையாகவே இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? மூன்றாவது கேள்விக்குக் காரணம் இருக்கிறது. 2020 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் கடை, அலுவலகம், உணவகம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் 'இ' என்ற ஒரே பயன்பாட்டு வகுப்புக்குள் வந்துவிட்டன. நிபந்தனை எதுவும் போடாமல் அனுமதி கொடுத்தால், கீழ்த்தளத்தில் வரைந்த சூப்பர் மார்க்கெட் நாளை உடற்பயிற்சிக்கூடமாக மாறலாம். அதற்குக் கவுன்சிலிடம் மறுபடி கேட்க வேண்டியதே இல்லை. பெரிய கடை இருந்த இடத்தில் மூலைக்கடை அளவில் ஒன்றைத் திறந்து, 'கடை திரும்பி வந்துவிட்டது' என்று சொல்வதும் நடக்கக்கூடியதே. சிறிய கிளையில் விலை கூடுதலாக இருக்கும். மரக்கறி வகை குறைவாக இருக்கும்.

நல்ல முறையில் செய்யவும் முடியும். கேம்டனில் சாக் ஃபார்ம் பக்கம் இருந்த மொரிசன்ஸ் கடையின் நிலத்தில் வீடு கட்ட 2018இல் அனுமதி கிடைத்தபோது, அருகே இருந்த பெட்ரோல் நிலையத்து நிலத்தில் தற்காலிகக் கடை ஒன்றைக் கட்டி, அதன் பிறகே பழைய கடையை இடிப்பது என்று திட்டம் வகுத்தார்கள். அதைச் சுட்டிக்காட்டுங்கள். தற்காலிகக் கடை அல்லது கட்டம் கட்டமாக இடித்தல், புதிய கடைக்கு இத்தனை சதுர மீட்டருக்குக் குறையாத பரப்பு, கடை திறக்கும் வரை குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வீடுகளில் ஆள் குடியேறக் கூடாது என்ற கட்டுப்பாடு: இவற்றை நிபந்தனையாகவோ பிரிவு 106 ஒப்பந்தமாகவோ கேளுங்கள். பிரிவு 106 என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவனமும் கவுன்சிலும் எழுதிக்கொள்ளும் பத்திரம்; அது நிலத்தோடு ஒட்டியது; நிலம் கைமாறினாலும் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும். வெறும் வாய்ப்பேச்சும் வண்ணப் படமும் யாரையும் கட்டுப்படுத்தாது.

மாமியின் வயதையும் கைத்தாங்கியையும் எழுதுவதில் கூச்சப்பட வேண்டாம். அது அனுதாபம் தேடுவது ஆகாது. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, முதியவர்கள்மீதும் இயலாமை உள்ளவர்கள்மீதும் ஒரு முடிவு எப்படிப் படியும் என்பதைக் கவுன்சில் கவனத்தில் எடுத்தே ஆக வேண்டும் என்கிறது. அடுத்த முழுக் கடை எவ்வளவு தூரம், எந்த பஸ், நிறுத்தத்திலிருந்து எத்தனை படி ஏற வேண்டும் என்று எழுதினால், அதிகாரி தன் அறிக்கையில் அதற்கு முகம் கொடுத்தாக வேண்டும்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்ப்புக் குழுக்களில் யாராவது 'கடையைப் பாரம்பரியக் கட்டிடமாக அறிவிக்கச் சொல்வோம்' என்று கிளம்புவார்கள். கட்டிடக் கலைஞர் நிக்கலஸ் கிரிம்ஷோ வடிவமைத்து 1988இல் கட்டப்பட்ட கேம்டன் டவுன் செயின்ஸ்பரிஸ் கடைக்கு 2019இல் அந்தத் தகுதி கிடைத்தது உண்மைதான். அது எஃகுக் கட்டுமானத்தில் தனித்துவமான கட்டிடம். சாதாரண செங்கல் கொட்டகைக்கு அது கிடைக்கும் என்று நம்பி நேரத்தைத் தொலைக்க வேண்டாம்.

சித்தப்பா மகனின் தரிப்பிடக் கவலைக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. அந்தத் தரிப்பிடம் தனியார் நிலம். அவருடைய வாடிக்கையாளர்கள் இத்தனை நாள் அங்கே காரை விட்டது கடைக்காரரின் தயவில்தான். புதிய வீடுகளோடு 480 குடும்பங்கள் நடந்து வந்து வாங்கக்கூடும் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கட்டும். கட்டுமான காலம்தான் அவருக்கு உண்மையான ஆபத்து. தகரத் தடுப்புக்குப் பின்னால் கடை மறைந்துபோகாமல் நடைபாதை திறந்திருக்க வேண்டும், பொருள் ஏற்றி இறக்க வீதியோரம் குறுகிய நேரத் தரிப்பிடம் வேண்டும் என்று அந்த வரிசைக் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து எழுத வேண்டும்.

உங்கள் வீதியின் தரிப்பிடம் வேறு விஷயம். புதிய வீடுகளுக்குக் கார் இடம் மிகக் குறைவாகத்தான் இருக்கும். லண்டன் திட்டமே அப்படித்தான் சொல்கிறது. 'குடியிருப்பவர்களுக்கு வீதியில் நிறுத்தும் பெர்மிட் கிடையாது' என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். உங்கள் வீதியில் பெர்மிட் முறையே இல்லை என்றால் அந்த வாசகத்தால் ஒரு பயனும் இல்லை. யார் வேண்டுமானாலும் உங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போகலாம். ஆகவே பெர்மிட் முறை பற்றி வீதி மக்களிடம் கருத்துக் கேட்பதற்கும், அவர்கள் விரும்பினால் அதை அமைப்பதற்கும் நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். இதைக் கேட்க மறந்துவிட்டுப் பிறகு வருந்துகிற வீதிகள் ஏராளம்.

மகனுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதைக் கோபத்தில் சொன்ன பேச்சாகத் தள்ளிவிடாதீர்கள். வீடு குறைவாக இருப்பதால்தான் ஓர் ஆசிரியர் 29 வயதில் பெற்றோர் வீட்டு அறையில் இருக்கிறார். ஆனால் 480 வீடு வருகிறது என்பதற்காக அவருக்கு ஒன்று கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். லண்டன் திட்டத்தின்படி, தனியார் நிலத்தில் 35 சதவீதம் மலிவு வீடாகக் கொடுத்தால் நிறுவனம் இலாபக் கணக்குக் காட்டாமல் விரைவுப் பாதையில் போகலாம். 2025 அக்டோபரில் அரசும் மேயரும் சேர்ந்து, குறிப்பிட்ட காலத்துக்கு 20 சதவீதம் கொடுத்தாலே விரைவுப் பாதை என்று அறிவித்தார்கள். அதற்கும் குறைவாகக் கொடுக்க விரும்பினால், இலாபம் கட்டாது என்பதைக் கணக்கோடு நிறுவ வேண்டும். பெக்கமில் மொரிசன்ஸ் கடை இருக்கும் ஐல்ஷம் சென்டர் நிலத்துக்கு 35 சதவீதம் என்று 2024இல் விண்ணப்பம் போட்டு, பின்னர் அதை 12 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்தப் பகுதி மக்களின் கோபம் பெருகியதற்கு அது முக்கியக் காரணம்.

ஆகவே மகன் 'ஆதரிக்கிறேன்' என்று ஒற்றைச் சொல்லில் எழுத வேண்டாம். மலிவு வீடு எத்தனை, அதில் சமூக வாடகை வீடு எத்தனை, ஒரு பங்கை வாங்கி மீதிக்கு வாடகை கொடுக்கும் பங்குரிமை வீடு எத்தனை, மூன்று படுக்கையறை உள்ளவை எத்தனை என்று கேட்டு எழுதட்டும். கணக்கு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டியது; அதைக் கேட்டு வாங்கட்டும். வீட்டு விலை ஏறினால் கூடுதல் பங்கைத் திரும்பக் கணக்கிட்டுக் கொடுக்கும் மறு ஆய்வு நிபந்தனையும் வேண்டும் என்று எழுதட்டும். வீடு தேவைப்படும் இளைஞர் ஒருவர் இப்படி எழுதுவது, முடிவெடுக்கும் திட்டமிடல் குழுவிலுள்ள கவுன்சிலர்களுக்கு மிகுந்த பயன் தரும். அவர்களுக்கு வரும் கடிதங்களில் இளைஞர்களின் குரல் குறைவு.

ஆங்கிலம் சுமார் என்று தயங்க வேண்டாம். அலங்காரம் தேவையில்லை, ஒரு விஷயத்துக்கு ஒரு பத்தி, ஒரு கோரிக்கை. மகன் தட்டச்சு செய்யட்டும், சொல் உங்களுடையதாக இருக்கட்டும். உங்கள் வட்டாரக் கவுன்சிலரை மக்கள் சந்திப்பு நாளில் நேரில் பாருங்கள். அவர் திட்டமிடல் குழுவில் இருப்பவர் என்றால் 'எதிர்த்து வாக்களிப்பேன் என்று சொல்லுங்கள்' என்று வற்புறுத்தாதீர்கள். முன்கூட்டியே மனதை மூடிவிட்டவர் குழுவில் வாக்களிக்கக் கூடாது. அவருடைய வாக்கை நீங்களே இழக்கச் செய்துவிடுவீர்கள். திட்டமிடல் குழுக் கூட்டத்துக்கு ஐந்து வேலை நாளுக்கு முன்பே அதிகாரியின் அறிக்கை வெளிவர வேண்டும். அதில் உங்கள் கோரிக்கைகள் நிபந்தனைப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே எழுதுங்கள். 150 வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்பதால் விண்ணப்பம் லண்டன் மேயரிடமும் போகும். கவுன்சில் மறுத்தாலும் அவர் அதைத் தம் கையில் எடுத்துக்கொள்ளலாம்; உங்கள் கடிதத்தின் பிரதியை அங்கேயும் அனுப்பிவையுங்கள்.

பெரியவரைப் பற்றி. அவர் முகம் திருப்பியது உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. இருபத்திரண்டு ஆண்டு அயலவர். இந்த விண்ணப்பம் முடிந்த பிறகும் அவர் அங்கேதான் இருப்பார். நீங்களாகவே ஒரு மாலை போய்ப் பாருங்கள். 'உங்கள் கடிதத்தில் கையெழுத்துப் போட முடியவில்லை, என் மகனுக்கு வீடு வேண்டும்' என்று மறைக்காமல் சொல்லுங்கள். அதே மூச்சில், வெளிச்ச அட்டவணையில் அவருடைய வீட்டு ஜன்னல்களும் இருப்பதைக் காட்டுங்கள். இரட்டை வீடு என்றால் அவருக்கு விழும் நிழலும் உங்களுக்கு விழும் நிழலும் ஒன்றுதான். கடை, வெளிச்சம், பெர்மிட் என்ற மூன்றுக்கும் இரண்டு வீடும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதலாம். மற்றதில் அவரவர் கருத்தை அவரவர் தனியே எழுதலாம். திட்டத்தை எதிர்ப்பவரும் எதிர்க்காதவரும் ஒரே நிபந்தனையைக் கேட்டால், அது ஒரு தரப்பின் பிடிவாதம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

இப்படிப்பட்ட எதிர்ப்புக்கு வீதியில் ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருக்கக்கூடும்; அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. 'அங்கே எப்படிப்பட்டவர்கள் வந்து குடியேறுவார்களோ' என்ற பேச்சு அதில் இருந்தால், அதற்கு மட்டும் தலையசைக்காதீர்கள். குடியேறப் போகிறவர்கள் யார் என்பது சட்டப்படி ஒரு காரணமே இல்லை. அப்படி எழுதும் கடிதங்களைக் கவுன்சில் ஏற்காமல் விடலாம். 1983க்குப் பிறகு இந்த நகரத்துக்கு வந்து, ஓர் அறைக்காகக் கதவு கதவாகத் தட்டிய குடும்பங்கள் நாங்கள். அந்தப் பேச்சில் நம் கையெழுத்து இருக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

விற்பதா என்று கேட்டிருந்தீர்கள். இதற்காக மட்டும் விற்க வேண்டாம். இப்போது விற்றால் எதுவும் தெரியாத நிலையில், வாங்குகிறவரின் பயத்துக்கு நீங்கள் விலை குறைக்க வேண்டியிருக்கும். மறைத்து விற்கவும் முடியாது. விற்பனைப் படிவத்தில் அக்கம்பக்கத் திட்டங்கள் பற்றிய கேள்வி இருக்கிறது, தெரிந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். அனுமதியும் நிபந்தனைகளும் வெளிவந்த பிறகு, வேலிப் பக்கம் நான்கு மாடியா ஆறு மாடியா என்று தெரிந்துகொண்டு, வெளிச்ச உரிமை பற்றி அளவையாளர் சொல்வதையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை அந்த உரிமையைக் கைவிடும் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.